கோட்டையூரில் கோட்டை எங்கே? செட்டிநாட்டில் நான்கு நாள்

முதல் நாள்: காரைக்குடி

சென்னையிலிருந்து வந்த இரவு பஸ் காலை ஆறரைக்குக் காரைக்குடியில் இறக்கிவிட்டது. டீ சொல்லிவிட்டு, எதிரே நின்ற பஸ்களின் பலகைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை. தேவகோட்டை. பட்டுக்கோட்டை. ஒரு டவுன் பஸ்ஸில் கோட்டையூர். சிவகங்கைப் பக்கம் போனால் நாட்டரசன்கோட்டை. நான் பிறந்ததும் பாளையங்கோட்டை. பெயரில் கோட்டை இருக்கிற இந்த ஊர்கள் எதிலும் சுற்று மதிலோடு ஒரு முழுக் கோட்டையை இன்றைக்குப் பார்க்க முடியாது. பெயரில் கோட்டை இல்லாத திருமயத்தில்தான் கோட்டை நிற்கிறது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அண்ணன் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் போனில், "சித்தப்பா, நம்ம ஊர்ல கோட்டை எங்க இருக்கு?" என்று கேட்டாள். இடித்தது போக மிச்சம் நிற்பதைச் சொன்னேன். "சரி, அதுக்கு ஏன் கோட்டைன்னு பேரு வந்துச்சு?" என்றாள். அரண், மதில், அரசன் இருக்கும் இடம் என்று அடுக்கினேன். "அது எனக்கே தெரியும். பேரு ஏன் வந்துச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் தமிழில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அகராதிகளைப் புரட்டியதில் எல்லாம் ஒரே வேரில் கொண்டுபோய் நிறுத்தின: கோடு. இன்று கோடு என்றதும் ஸ்கேல் வைத்து நேராக இழுப்பதுதான் ஞாபகம் வருகிறது. பழைய கோடு நேரானதே இல்லை. கோடுதல் என்றால் வளைதல். மாட்டுக் கொம்பு கோடு, யானைத் தந்தம் கோடு, குளத்தின் கரை கோடு, எல்லாம் வளைந்தவை. நடுநிலை தவறாத மனத்தை வள்ளுவர் 'கோடாமை' என்று சொல்வதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். அது வளையாத நெஞ்சு. அப்படிப் பார்த்தால் கோட்டை என்பது வளைத்துக் கட்டியது. கன்னடத்தில் கோட்டே, தெலுங்கில் கோட்ட, மலையாளத்திலும் கோட்ட. குடும்பம் முழுக்க ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மறுப்பும் உண்டு. கோடு என்றால் மலையுச்சியும்தான். திருச்செங்கோடு அப்படி வந்த பெயர். பழைய அரண்கள் பல மலைமேல் இருந்ததால் 'கோட்டை' அங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். என்னை வளைவின் பக்கம் இழுப்பது 'கோட்டம்' என்கிற சொல். காஞ்சிபுரத்துக் குமரக் கோட்டம் ஒரு கோயில். தொண்டை நாட்டின் 24 கோட்டங்கள் நிலப் பிரிவுகள். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். கோயில், நாடு, சிறை மூன்றிலும் மலையுச்சி இல்லை. மூன்றிலும் எல்லை போட்டு வளைத்த இடம் இருக்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கம் நெல்லை அளப்பதே கோட்டைக் கணக்கில்தான். 21 மரக்கால் ஒரு கோட்டை. எங்கள் ஆச்சி வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் விதைக்கோட்டை இருக்கும். தரையில் வைக்கோலைப் பரப்பி, நடுவில் விதைநெல்லைக் கொட்டி, நாலா பக்கமும் வைக்கோலை மேலே வளைத்து மூடி, வைக்கோல் புரியால் வரிந்து வரிந்து கட்டுவார்கள். பெரிய பந்து மாதிரி இருக்கும். மேலே சாணி மெழுகிக் காயவைத்துவிட்டால் பூச்சி அண்டாது. அடுத்த விதைப்புக்குத்தான் அதைப் பிரிப்பார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்கு ஒரு தடவை நான் அடி வாங்கியிருக்கிறேன். ஆறு வயதில் என் கையால் தொட்ட கோட்டை அது. மதில் எனக்கு அப்புறம்தான் வந்தது.

இரண்டாம் நாள்: கோட்டையூர், பிறகு ஒரு வளவு

கோட்டையூர் காரைக்குடியை ஒட்டியே இருக்கிறது. கோட்டை இல்லை. கேட்ட இரண்டு பேரும் "அது பேருதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வள்ளல் அழகப்பர் 1909இல் பிறந்த ஊர். எனக்கு இந்த ஊரோடு இன்னொரு பற்றும் உண்டு. ரோஜா முத்தையா இங்கே இருந்துதான் பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய நிறுவனம் ஒன்று செய்ய வேண்டிய வேலையைத் தனி ஆளாகச் செய்தார். நாடக நோட்டீஸ், குஜிலிப் பாட்டு, வைத்தியப் புத்தகம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, 1994இல் அது சென்னையில் நூலகமானது. கோடு என்ற சொல்லை நான் தேடியதும் அந்த நூலக மேசையில்தான். தெருவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நண்பரின் பெரியம்மா வீடு. எங்கள் ஊரில் ஆச்சி என்றால் அப்பாவைப் பெற்றவர். இங்கே மூத்த பெண்கள் எல்லாருமே ஆச்சி. அதனால் கூப்பிட எனக்குக் கூச்சமே இல்லை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் இரண்டு திண்ணை, பளபளக்கும் மரத்தூண்கள், நிலை முழுக்கச் சிற்ப வேலை. நிலையைத் தாண்டியதும் திடீரென்று வெளிச்சம். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தூண் வரிசையோடு தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறை அறையாக. நான்கு மூலையிலிருந்தும் தகரத் தூம்பு வழியாக மழைநீர் முற்றத்தில் விழும். தரையில் ஆத்தங்குடிக் கல், வெறுங்காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"கோட்டை மாதிரி இருக்கு ஆச்சி" என்றேன்.

"கோட்டையெல்லாம் ராசாக்களுக்கு. இது வளவு அப்பச்சி" என்றார் ஆச்சி.

"வளவுன்னா?"

ஆச்சி விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். "சுத்தி அறை, நடுவுல வானம். வளைச்சுக் கட்டியிருக்குல்ல? வேற என்னன்னு சொல்லுவாக?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வளை, வளைவு, வளாகம், வளவு. கோடு, கோட்டம், கோட்டை. ஒரே எண்ணத்தை நம் மொழி இரண்டு வேரில் இரண்டு தடவை சொல்லி வைத்திருக்கிறது. கோட்டையூரில் இல்லாதது இங்கே வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. கோடுதல் இன்று பேச்சில் செத்துப்போய்விட்டது. அதனால்தான் கோட்டையைக் கேட்டால் நமக்கு வளைவு ஞாபகம் வருவதில்லை. வளைத்தல் உயிரோடு இருக்கிறது. அதனால் ஆச்சிக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

ஆச்சி இன்னும் சொன்னார். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு அறை, தனி அடுப்பு, தனிச் சாமான். "ஏழு புள்ளி இருந்தோம் இந்த வளவுல. சண்டை போட்டாலும் முத்தத்தைத் தாண்டித்தான வரணும், மொகத்தைப் பாத்துத்தான ஆகணும்." இப்போது ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும். கலியாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லாரும் வருவார்களாம். பூட்டியிருந்த அறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எது யார் அறை என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெயரைச் சொல்லும்போதெல்லாம் கதவை ஒரு தடவை தொட்டார்.

இரவு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். சாப்பிட்டுவிட்டு முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், மெல்லிய மேகத்தில் நிலாவைச் சுற்றிப் பெரிய வளையம். வேலைக்காரம்மாதான் முதலில் பார்த்தார். "நிலா கோட்டை கட்டியிருக்கு. நாளைக்கு வெளிய போனா கொடை எடுத்துக்கங்க" என்றார். அகல வட்டம் பகல் மழை என்று நானும் கேட்டிருக்கிறேன். நிலாவுக்கு எதிரி யாரும் கிடையாது, மதிலும் கிடையாது. இருப்பது வட்டம் மட்டும். அதற்கும் பெயர் கோட்டை.

மூன்றாம் நாள்: திருமயம்

சொன்ன மாதிரியே மழை. புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறித் திருமயத்தில் இறங்கினேன். சாலையைப் பார்த்தபடி கோட்டை மதிலிலேயே கோட்டை பைரவர். போகிற லாரியும் காரும் மழையிலும் நின்று ஒரு சிதறுகாய் போட்டுவிட்டுத்தான் போகின்றன. காவலுக்கென்று கட்டிய மதிலில் காவல் தெய்வம். சேதுபதிகளின் படை போன பிறகும் அவர் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கோட்டையைக் கட்டியவர் இராமநாதபுரம் சேதுபதி, ஆண்டு 1687. பின்னால் புதுக்கோட்டைத் தொண்டைமான் கைக்குப் போனது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக ஊமையன் கோட்டை என்றும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில் இருந்தது. பாறையின் தென் சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள். பெருமாள் அதே பாறையில் படுத்திருக்கிறார். மதுவும் கைடபனும் ஓட, ஆதிசேஷன் விஷத் தீயைக் கக்குவதைச் சுவர் முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கே ஒரு நாள் வேண்டும். இன்றைக்கு என் வேலை மதில்.

மழை விடுவதற்காக வாசல் மண்டபத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு ஏறினேன். பாறை வழுக்கியது. பாதி வழியில், இரும்பு ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் உயரத்தில், பாறையைக் குடைந்து ஒரு சிறு லிங்கம். உச்சியில் மேடைமேல் ஒரு பீரங்கி. அங்கே நின்று கீழே பார்த்தபோதுதான் எனக்கு வேண்டியது கிடைத்தது. மதில் எங்கேயும் நேராகப் போகவில்லை. பாறை எப்படித் திரும்புகிறதோ அப்படியே மதிலும் திரும்புகிறது. அடியில் கல், மேலே செங்கல் கைப்பிடிச் சுவர், இடையிடையே அரைவட்டமாக வெளியே தள்ளிய கொத்தளங்கள். எதிரி முதலில் பெயர்க்கப் பார்ப்பது மூலையைத்தான். வட்டத்தில் மூலை இல்லை.

சென்னைக் கோட்டை வட்டமில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளைத்தல் என்பது வட்டம் போடுவது மட்டுமில்லை என்பதே என் பதில். "நாலு ஏக்கரை வளைச்சுப் போட்டுட்டான்" என்று சொல்லும்போது யாரும் அது வட்ட வடிவ நிலம் என்று நினைப்பதில்லை. சுற்றி எடுத்துக்கொண்டான் என்றுதான் பொருள். பக்கத்து மொழியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். வடமொழித் துர்க்கம் என்றால் நுழைய அரிதான இடம். வெளியே நிற்கும் எதிரியின் கஷ்டத்தை வைத்து வந்த பெயர். மதிலைக் குறிக்கும் நம் எயில் என்பதை எய்கிற இடம், அதாவது அம்பு விடும் இடம் என்று விளக்குவார்கள். அது போர்வீரனின் பெயர். கோட்டை என்கிற சொல்லில் எதிரியும் இல்லை, அம்பும் இல்லை. உள்ளே இருப்பதைச் சுற்றிக் கை போட்டது மட்டும்தான் இருக்கிறது.

இறங்கும்போது இன்னொன்றும் தோன்றியது. இந்தச் சொல் வடக்கேயும் போயிருக்கிறது. ராஜ்கோட், பட்டான்கோட், சியால்கோட் எல்லாவற்றிலும் அதே கோட். திராவிட வேர்ச்சொல் அகராதி தொகுத்த பரோவும் எமனோவும் வடமொழிக் கோட்டத்தை நம் கோட்டையோடுதான் சேர்த்து வைக்கிறார்கள். கோட்டையைக் காக்கிறவன் கோட்டபாலன். அந்தப் பெயர் வடக்கே தேய்ந்து கோத்வால் ஆகி, பாரசீகம் பேசிய அதிகாரிகளின் வாயில் புகுந்து, திரும்பத் தமிழ்நாட்டுக்கு வந்தது கொத்தவாலாக. சென்னையில் ஒரு காலத்தில் காய்கறிக்குப் பேர்போன கொத்தவால் சாவடி அதுதான். தெற்கிலிருந்து போன பிள்ளை அடையாளம் தெரியாமல் திரும்பி வந்து, நாமும் விசாரிக்காமல் விட்டுவிட்டோம்.

நான்காம் நாள்: காளையார்கோயில்

இது செட்டிநாட்டின் ஓரத்தைத் தாண்டின ஊர். ஆனாலும் இங்கே வராமல் போக மனமில்லை. இரண்டு பஸ் மாறி வந்தேன். வழியெல்லாம் கண்மாய்களில் தண்ணீர், கரைகளில் சீமைக் கருவேலம்.

சங்க காலத்தில் இந்த ஊர் கானப்பேர். சுந்தரர் இங்குள்ள சிவனைக் காளையே என்று பாடியதால் கோயில் காளையார்கோயில் ஆனது. வேங்கைமார்பன் என்பவனின் அரண் இங்கே இருந்தது. பாண்டியன் உக்கிரப் பெருவழுதி அதைப் பிடித்தான். ஐயூர் மூலங்கிழார் பாடிய புறநானூற்றின் 21ஆம் பாட்டு அதைத்தான் சொல்கிறது. ஓர் அரணின் உறுப்புகள் அத்தனைக்கும் அந்தச் சின்னப் பாட்டில் பெயர் இருக்கிறது. நிலத்தின் எல்லையைத் தாண்டிய ஆழமான அகழி. வானைத் தொடுகிற புரிசை, அதாவது மதில். வானத்தில் மீன் பூத்த மாதிரி ஞாயில்கள், அதாவது மதில்மேல் மறைந்து அம்பெய்யும் இடங்கள். 'கதிர்நுழை கல்லா மரம்பயில் கடிமிளை', வெயில் நுழையத் தெரியாத காவற்காடு. அதற்கப்புறம் வருகிற வரி: 'அருங்குறும்பு உடுத்த கானப் பேரெயில்'.

குறும்பு என்றால் சிற்றரண். இன்று பிள்ளைகள் செய்யும் சேட்டைக்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். நான் நின்றது அதில் இல்லை, 'உடுத்த' என்பதில். குறும்புகளை உடுத்த எயில். துணியை இடுப்பில் சுற்றுகிற மாதிரி சிற்றரண்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட ஊர். கோட்டை என்கிற சொல் பாட்டில் இல்லை, அதன் பொருள் முழுக்க இருக்கிறது. புரிசையில் உள்ள புரியும் எங்கள் வைக்கோல் புரியும் ஒன்றாக இருக்குமோ என்று ஓர் ஊகம் ஓடுகிறது. முறுக்கிச் சுற்றுவது இரண்டிலும் உண்டு.

வள்ளுவர் அரணுக்கு நான்கு பொருள் சொல்கிறார்: நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் அடர்ந்த காடு. திருமயத்துக்கு மலை. காளையார்கோயிலுக்குக் காடு. 1772இல் ஆங்கிலேயரின் கும்பினிப் படையோடு நடந்த போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் இங்கேதான் விழுந்தார். வேலு நாச்சியாரின் கணவர். 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்க வந்த படை, சிறுவயலிலிருந்து இந்த ஊருக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தது. ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் கைவிட்டார்கள். பிறகு பல பக்கமிருந்தும் வளைத்து அக்டோபர் 1ஆம் தேதி பிடித்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். வெயில் நுழையாத காடு என்று சங்கப் புலவர் சொன்னதைப் பதினேழு பதினெட்டு நூற்றாண்டு கழித்துக் கோடரியோடு வந்த சிப்பாய்கள் உண்மை என்று கண்டுகொண்டார்கள். அந்தக் காடு இன்று இல்லை. மருதுவின் பெரிய கோபுரம் நிற்கிறது. கோயிலுக்கு எதிரே அவர்களுடைய சமாதி. பூ வாங்கிப் போட்டேன்.

தெரிந்த வரலாற்றில் பல தடவை விழுந்த ஊர். முதல் தடவை விழுந்தபோது வேங்கைமார்பன் என்ன நினைத்து வருந்தினான் என்று பாட்டு சொல்கிறது. கருங்கைக் கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்குகிறான். இரும்பு குடித்த நீர் திரும்பி வருமா? அதைவிட, இந்த எயிலை மீட்பது அரிது. படிக்கும்போதெல்லாம் 'சுர்' என்கிற அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். இன்று குளக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ப் பாட்டா?" என்றார். ஆமாம் என்றேன்.

மதுரை பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். நம் பக்கம் யாராவது இன்னும் விதைக்கோட்டை கட்டுகிறார்களா என்று கேட்டேன். எதற்குத் திடீரென்று இது என்றாள். பாப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆச்சி ஊர்ல மேலத்தெருவுல ஒரு வீட்டுல கட்டுவாங்க. பிசான அறுப்புக்கு வா, ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். பங்குனியில் லீவு கேட்க வேண்டும்.